கடைசி வண்டி போகும்வரை

கண்ணாடியில் ஒரு வெளிச்சம் தெரிந்தது.

சாலை என்று ஒன்று இருந்தால் பின்னால் யாராவது வரத்தான் செய்வார்கள். விடிந்தும் விடியாத நேரம், மூடுபனி, ஞாயிற்றுக்கிழமை. இருந்தாலும் பால் வண்டி வரலாம், பேப்பர் வண்டி வரலாம், மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போகிற எவனாவது வரலாம். மருந்துக்கடைக்காரர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, ஹேண்டில்பாரின் முனையில் இருந்த வட்டக் கண்ணாடியைக் கையுறையால் துடைத்தார். ஈரம் போனது. வெளிச்சம் போகவில்லை.

ஒற்றை விளக்கு. மஞ்சள். அதுவும் ஒரே சீராக எரியவில்லை. மேட்டில் ஏறும்போது பளிச்சென்று கூடியது. சரிவில் இறங்கும்போது சிவந்து மங்கி, அணையப் போவது போலப் பாவனை காட்டி, மறுபடி உயிர் பிடித்தது. இன்ஜின் மூச்சு விட்டால் எரியும், மூச்சு அடங்கினால் அடங்கும் ஆறு வோல்ட் விளக்கு. இந்தக் காலத்து வண்டிகளில் அதெல்லாம் கிடையாது. ஐம்பது, அறுபது வருடத்துக்கு முந்தைய மோட்டார் சைக்கிள்களில்தான் உண்டு.

இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஓடுகிற நிலையில் அப்படிப்பட்ட வண்டிகள் மொத்தம் ஐந்து. ஒன்றின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். மற்ற நான்கும் அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தன.

ஏனென்றால், அந்த வரிசையில் அவர்தான் கடைசி.

அரை மணி நேரத்துக்கு முன்னால், பெட்ரோல் பங்க் வாசலில், எல்லாம் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. மூன்று மாதம் கழித்து முதல் சவாரி. 'நாற்பது கிளப்' என்று அவர்களே வைத்துக்கொண்ட பெயர். வயதைச் சொல்லவில்லை, வேகத்தைச் சொன்னது. யாரும் மணிக்கு நாற்பதைத் தாண்டக் கூடாது. தாண்டச் சொன்னாலும் பாதி வண்டிகள் தாண்டாது. ஞாயிறு விடியலில் கிளம்பி, ஆடி அசைந்து ஏரிக்கரை வரை போய், ஃப்ளாஸ்க் காபி குடித்து, ஒருவர் கார்புரேட்டரை இன்னொருவர் குறை சொல்லி, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்புவது. அவ்வளவுதான் அவர்களுடைய வீரசாகசம்.

"என்னய்யா மாத்திரை, உன் வண்டிப் புகையில பங்க்குல இருக்கிற கொசு பூரா செத்து விழுது? இதை பாட்டில்ல அடைச்சு கடையில வைக்கலாமே!" என்றார் பல் டாக்டர்.

மருந்துக்கடைக்காரருக்கு அந்தக் கூட்டத்தில் மாத்திரை என்றுதான் பெயர்.

"உன் வண்டி குலுக்குற குலுக்கல்ல பின்னாடி உட்கார்றவனுக்குப் பல்லு தானா உதிருது. அப்புறம் அவனே உன் கிளினிக்குக்கு வர்றான். நல்ல தொழில்யா," என்றார் இவர்.

எலக்ட்ரீஷியன் சிரித்தான். கூட்டத்தில் சின்னவன். ஊருக்கெல்லாம் விளக்குப் போட்டுக் கொடுப்பவன். அவன் வண்டியில் மட்டும் பின்விளக்கு எரிந்ததே இல்லை. "அப்பா மாத்திரைன்னா பொண்ணு சிரப்பு," என்று மருந்துக்கடைக்காரரின் மகளுக்குப் பெயர் வைத்தவனும் அவன்தான்.

சிரப்புக்குப் பத்தொன்பது வயது. லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம். அப்பா கல்யாணத்துக்கு முன்னால் ஓட்டிய சின்ன டூ-ஸ்ட்ரோக் வண்டியை அப்பாவும் மகளுமாகச் சேர்ந்து பிரித்து மாட்டி உயிர் கொடுத்திருந்தார்கள். இன்றைக்குத்தான் அதில் தனியாக முதல் சவாரி. வேண்டாம் என்று அவர் ஒரு வாரம் சொல்லிப் பார்த்தார். வேண்டாம் என்பதற்குக் காரணம் கேட்டாள். காரணம் இருந்தது. சொல்லத்தான் முடியவில்லை.

"பாப்பா ரெண்டாவதா வரட்டும் சார். உங்க பார்வையிலேயே இருக்கட்டும்," என்று அவர் சர்வேயரிடம் கேட்டுக்கொண்டார். ரிட்டயரான சர்வேயர்தான் கிளப்பின் தலைவர், எப்போதும் முதல் வண்டி.

"தாராளமா. நீ எங்க வர்றே?"

"கடைசி."

சர்வேயர் அவர் பக்கத்தில் வந்தார். "மனசு கஷ்டமா இருந்தா வேணாம்பா. போன தடவையும் நீதான் கடைசி."

"பரவாயில்ல சார்."

அங்கேதான் அவர் கணக்குப் போட்டார். நாற்பது கிளப்பில் ஒரே ஒரு விதி உண்டு. முதல் வண்டி வழி காட்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டாவதாக வருகிறவர் ஓரம் கட்டி, இறங்கி நின்று, போக வேண்டிய பக்கம் கையை நீட்டிக் காட்ட வேண்டும். பின்னால் வருகிற எல்லோரும் அந்தக் கையைப் பார்த்துத் திரும்புவார்கள். கடைசி வண்டிக்காரர் கடக்கும்போது தலையசைப்பார். அந்தத் தலையசைப்பு கிடைத்த பிறகுதான் நிற்பவர் கையை இறக்கலாம், வண்டியைக் கிளப்பலாம், கடைசி வண்டிக்கு முன்னால் சேர்ந்துகொள்ளலாம். அதுவரைக்கும் இடி விழுந்தாலும் நகரக் கூடாது. அடுத்த திருப்பத்துக்கு அடுத்த ஆள். யாரும் வழி தவற முடியாத ஏற்பாடு.

ஏரிக்கரைக்கு மூன்று திருப்பங்கள். தண்ணீர்த் தொட்டி. மரமில். கல்குவாரிப் பிரிவு. மகள் இரண்டாவதாகப் போனால் முதல் திருப்பத்தில், வீடுகளுக்கும் தெருவிளக்குகளுக்கும் நடுவே, தண்ணீர்த் தொட்டியடியில் நிற்பாள். குவாரிப் பிரிவில் நிற்கிற முறை எலக்ட்ரீஷியனுக்கு வரும்.

குவாரிப் பிரிவில் யார் வேண்டுமானாலும் நிற்கட்டும். அவள் நிற்கக் கூடாது.

தண்ணீர்த் தொட்டி பனியில் தலை இல்லாமல், கால்கள் மட்டுமாக நின்றது. அதனடியில், கையை நீட்டிக்கொண்டு, ஒல்லியான ஓர் உருவம்.

எலக்ட்ரீஷியன்.

அவர் பிரேக்கை மிதித்தார். "நீ என்னடா இங்க நிக்கிறே? பாப்பா எங்க?"

"சிரப்புதான்ணே மாத்திக்கலாம்னுச்சு. பங்க்கைத் தாண்டினதும் சைகை காட்டி என்னை முன்னாடி விட்டுட்டு அது எனக்குப் பின்னாடி, டாக்டருக்கும் பின்னாடி போயிருச்சு. மூணாவது திருப்பத்துல அதுதான் நிக்கணுமாம்." எலக்ட்ரீஷியன் குளிரில் மூக்கை உறிஞ்சினான். "'டெய்லர் மாமா நின்ன இடத்துல நான் ஒரு தடவை சரியா நிக்கணும்ணா'ன்னுச்சு. நல்ல புள்ளைண்ணே அது. எனக்கே கண்ணு கலங்கிருச்சு."

அவர் பனிக்குள் முன்னால் போகிற சாலையைப் பார்த்தார்.

"சரி, நீ கடைசியா வா. நான் முன்னாடி போறேன்."

"பின்லைட்டு இல்லாத வண்டியைக் கடைசியில விட்டா சர்வேயர் என்னைக் கொன்னுருவாரு." அவன் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். முகத்தில் இருந்த சிரிப்பு லேசாகக் கோணியது. "அது சரி... நீங்கதானே கடைசி? பின்னாடி யாரு?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "பால் வண்டி."

"ஒத்தை லைட்டுலயா?"

"இன்னொண்ணு பியூஸ் போயிருக்கும். கிளம்புடா."

அவன் கிக்கரை உதைத்தான். அவனுடைய இன்ஜின் பிடித்து, இருமி, நிதானப்படுவதற்கு முன்னால் இருந்த அந்த ஒரு கணத்தில், பின்னால் நின்றுகொண்டிருந்த வண்டியின் சத்தம் அவர் காதில் விழுந்தது. ஆமாம், நின்றுகொண்டிருந்தது. இவர் நின்றதும் அதுவும் நின்றிருந்தது. டுப், டுப், டுப். ஒரு துடிப்பு விட்டுப் போனது. டுப், டுப், டுப். மறுபடி ஒன்று விட்டுப் போனது.

மூன்று அடித்து நாலாவதை முழுங்குகிற இன்ஜின். 'இதுக்கு பேஸ்மேக்கர் வைக்கணும்யா,' என்று பல் டாக்டர் வாராவாரம் கிண்டல் பண்ணிய இன்ஜின். அதைக் காயலான் கடைக்காரன் மூன்று மாதத்துக்கு முன்னால் கடப்பாரையால் நெம்பி, லாரி டயருக்கும் தார்ச்சாலைக்கும் நடுவிலிருந்து துண்டு துண்டாகப் பெயர்த்து எடுத்ததை அவர் கண்ணால் பார்த்திருந்தார்.

தையல்காரரின் வண்டி.

தையல்காரர் அதிகம் பேசாத மனிதர். சவாரிக்கு வரும்போதும் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கும். கழற்ற மறந்து வந்துவிடுவார். கிளப்பில் எல்லோருக்கும் டூல்ஸ் போட்டுக்கொள்ள கேன்வாஸ் பை தைத்துக் கொடுத்தவர். அன்றைக்குக் குவாரிப் பிரிவில் நிற்கிற முறை அவருக்கு வந்தது. கடைசி வண்டி மருந்துக்கடைக்காரர்.

அன்றும் இதே போலப் பனி. மரமில் வாசலைத் தாண்டியதும் வாய்க்கால் ஓரமாக வீட்டுக்கு ஒரு குறுக்குப் பாதை உண்டு. வீட்டுக்கு மைத்துனர் குடும்பத்தோடு வருவதாக இருந்தது, கைகள் விறைத்திருந்தன, ஏரிக்கரையில் அதே காபி, அதே கிண்டல். அவர் யாரிடமும் சொல்லாமல் குறுக்குப் பாதையில் திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார். வெந்நீரில் குளித்தார். சுடச்சுட டிபன் சாப்பிட்டார். அந்த நேரம் முழுவதும், குவாரிப் பிரிவில், கையை நீட்டிக்கொண்டு, கடைசி வண்டிக்காகத் தையல்காரர் நின்றுகொண்டிருந்தார். முக்கால் மணி நேரம். விளக்குப் போடாமல் வந்த கல் லாரிக்காரன், 'ஏதோ கைகாட்டிப் பலகைன்னு நெனச்சேன் சார்,' என்று போலீசிடம் சொன்னான்.

'நான் அவரைத் தாண்டித்தான் போனேன். தலையாட்டினேன். கிளம்பிட்டாருன்னு நெனச்சு, அவசர வேலைன்னு வேற வழியா வீட்டுக்குத் திரும்பிட்டேன்.' மருந்துக்கடைக்காரர் இதைச் சர்வேயரிடம் சொன்னார். போலீசிடம் சொன்னார். தையல்காரரின் மனைவி, 'அப்புறம் எதுக்குண்ணே அவரு அங்கேயே நின்னாரு?' என்று கேட்டபோது அவளிடமும் சொன்னார். மகள் அழுதபோது அவளிடம் கொஞ்சம் சேர்த்தே சொன்னார்: 'அவரு ஒழுங்கா நிக்கலம்மா. நடுரோட்டுல எதையோ தேடிக்கிட்டு இருந்திருக்காரு. நின்ன இடத்துல நின்னிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது.'

நின்ன இடத்துல நின்னிருந்தா.

அந்த வார்த்தையைத்தான் மகள் இன்று முன்னால் சுமந்துகொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

தொட்டியிலிருந்து மரமில் வரைக்கும் நான்கு கிலோமீட்டர். அவர் அறுபதில் போகப் பார்த்தார். வண்டி நாற்பத்தைந்தில் உதறியது. பனி மூக்குக்கண்ணாடிக்குள் புகுந்து, மீசையில் ஈரமாக உட்கார்ந்து, சட்டைக் காலருக்குள் இறங்கியது. எரிந்த ஆயில் வாசனையோடு இன்னொரு வாசனையும் காற்றில் இருந்தது: சூடான இஸ்திரிப்பெட்டியை ஈரத் துணியில் வைத்தால் எழுமே, அந்த வாசனை. வயல்வெளியில், விடியற்காலையில், யார் துணி தேய்க்கிறார்கள்?

கண்ணாடியில் விளக்கு அதே தூரத்தில் இருந்தது. இவர் முறுக்கினால் முறுக்கியது. தளர்த்தினால் தளர்ந்தது. முந்த ஆசைப்படவே இல்லை.

மரமில் வாசலில் ஈர மரத்தூள் நெடி மூக்கில் ஏறியது. பல் டாக்டர் சிப்பாய் மாதிரி விறைப்பாக, கையை வலது பக்கம் நீட்டிக்கொண்டு நின்றார். எலக்ட்ரீஷியன் அவரைத் தாண்டி வலது பக்கம் திரும்பிப் பனிக்குள் போனான். பின்விளக்கு இல்லாத வண்டி. போன இடம் தெரியவில்லை.

அவர் தலையசைத்தார். "கிளப்பு டாக்டர். சீக்கிரம்."

பல் டாக்டர் கையை இறக்கவில்லை. "இருய்யா. பின்னாடி நம்ம வண்டி ஒண்ணு வருதுல்ல."

"நான்தான் கடைசி."

"கண்ணு தெரியலையா உனக்கு? அதோ வர்றான் பாரு. சத்தத்தைக் கேளு. இது எனக்குத் தெரிஞ்ச சத்தமா இருக்கே..." அவர் நெற்றியைச் சுருக்கினார். "யாரோ பழைய வண்டியை எடுத்துக்கிட்டு நம்மகூடச் சேரணும்னு வர்றாங்க போல. வரட்டுமே. வழியில விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்?"

"யோவ், சொன்னா கேளு. அது நம்ம வண்டி இல்ல. கிளம்பு!"

"விதின்னா விதி. கடைசி வண்டி போற வரைக்கும் நான் நகர மாட்டேன். ஏற்கெனவே ஒருத்தனைப் பறி கொடுத்தது போதும்." டாக்டர் குரல் இறங்கியது. "நீ போ மாத்திரை. நான் அவனைக் கூட்டிக்கிட்டு வந்துர்றேன்."

பின்னால் இன்ஜின் ஒரு துடிப்பை முழுங்கியது.

டாக்டரிடம் உண்மையைச் சொல்ல இரண்டு வாக்கியம் போதும். அதைச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். மூன்று மாதம் உள்ளே வைத்துப் பூட்டியது. சாவி கையில் வரவில்லை. மகள் தனியாக நிற்கிறாள், நேரம் இல்லை என்று மனசு ஒரு சமாதானம் சொன்னது. மனசுக்குச் சமாதானம் சொல்வது பழகிப்போயிருந்தது.

அவர் டாக்டரை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினார்.

வலது பக்கச் சாலை மேடு. இரண்டு பக்கமும் குவாரியின் வெள்ளைத் தூசி படிந்த புதர்கள், போர்வை போர்த்தியவர்கள் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பது போல. கீழே, மரமில் பக்கமிருந்து, டாக்டர் தன் வண்டியின் கிக்கரை உதைக்கிற சத்தம் கேட்டது. ஒரு தடவை. இரண்டு தடவை. பிடித்தது. அப்பாடா என்று மூச்சு விட்டார். டாக்டர் கிளம்பிவிட்டார். அப்படியென்றால் அந்த வண்டி எவனோ ஒருவனுடையதுதான். பழைய வண்டி வைத்திருக்கிற புது ஆள். பயந்து செத்தோமே என்று சிரிப்புக்கூட வந்தது.

கண்ணாடியில் பார்த்தார்.

இரண்டு விளக்குகள்.

சரி. ஒன்று அந்த ஆள். ஒன்று டாக்டர்.

திருப்பத்தில் விளக்குகள் மறைந்தன. மறுபடி தெரிந்தன.

மூன்று.

கையுறையால் கண்ணாடியைத் துடைத்தார். நீர்த்துளி வெளிச்சத்தை இரண்டாகக் காட்டும். துடைத்தால் போய்விடும்.

ஐந்து.

எல்லாம் மஞ்சள். எல்லாம் மங்கிக் கூடி, மங்கிக் கூடி. அவசரமே இல்லாமல். நாற்பதைத் தாண்டாமல்.

அவர் கண்ணாடியைத் தரையைப் பார்க்கத் திருப்பி விட்டார். அதன் பிறகு முதுகில்தான் பார்த்தார். முதுகுக்குக் கண் இருந்தது. தன்னுடைய நிழலே முன்னால் சாலையில் விழுந்து, நீண்டு, பலவாகப் பிரிந்து ஆடியது. இரண்டு நிழல். நாலு நிழல். அப்புறம் எண்ண முடியவில்லை.

குவாரிப் பிரிவு.

கல் குவியல். உடைந்த பலகை. நாலு பக்கமும் பனி. நடுவில், ஸ்டாண்டு போட்ட சின்ன வண்டிக்குப் பக்கத்தில், மகள். ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்திருந்தாள். இடது கை தோளுக்கு நேராக, ஒரு கோடு போட்ட மாதிரி, ஏரிச் சாலையைக் காட்டிக்கொண்டிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"எப்படிப்பா? சரியா நிக்கிறேனா?"

அவர் வண்டியை நிறுத்தக்கூட இல்லை. சாய்த்துப் போட்டுவிட்டு ஓடினார். "போலாம் பாப்பா. கிளப்பு. கிளப்பு சீக்கிரம்."

"இருங்கப்பா, கடைசி வண்டி வரட்டும்."

"நான்தாம்மா கடைசி!"

"விளையாடாதீங்க. பின்னாடி பாருங்க, எவ்ளோ லைட்டு!" அவள் கண்களில் மஞ்சள் புள்ளிகள் மின்னின. "நம்ம கிளப்புல இத்தனை பேரு எப்பப்பா சேர்ந்தாங்க? டெய்லர் மாமாவுக்காக வந்திருக்காங்களா?"

அவர் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். அவள் நகரவில்லை. நகர மாட்டாள். நின்ற இடத்தில் நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

சத்தம் நெருங்கிவிட்டது. சொல்லியாக வேண்டும். சொன்னால் அவள் இனி தன்னை அப்பா என்று கூப்பிடுவாளோ மாட்டாளோ. சொன்னார்.

"பாப்பா, நான் சொன்னது பொய். அன்னிக்கு நான் இங்க வரவே இல்ல. குறுக்கு வழியில வீட்டுக்குப் போயிட்டேன். டெய்லர் ரோட்டுல எதையும் தேடல. அவரு சரியாத்தான் நின்னாரு. எனக்காகத்தான் நின்னாரு. நிக்கக் கூடாதும்மா. யாருக்காகவும் நிக்கக் கூடாது. வா."

அவள் அவரைப் பார்த்தாள். அந்த மாதிரி அவள் அவரை இதற்கு முன் பார்த்ததில்லை. கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. துடைக்க வலது கை வந்தது. இடது கை அசையவில்லை.

"அவரு மனைவி உங்ககிட்ட கேட்டாங்களேப்பா," என்றாள் மெதுவாக. "எதுக்கு அங்கேயே நின்னாருன்னு."

"பாப்பா..."

"நீங்க போங்க. இவங்க எல்லாரும் போன பின்னாடி வரேன். இவங்களுக்காச்சும் ஒருத்தர் சரியா நிக்கணும்ல."

முதல் வண்டி பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. டுப், டுப், டுப். இஸ்திரிப்பெட்டி வாசனை. ஓட்டியவர் கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. காற்றே இல்லாத அந்த இடத்தில் அது பின்னோக்கிப் பறந்தது. கழுத்துக்கு மேலே பார்க்க மருந்துக்கடைக்காரருக்குத் தைரியம் வரவில்லை. அவரைப் பார்க்க அந்த மனிதரும் விரும்பவில்லை. மகள் பக்கம் மட்டும் திரும்பி, தலையை லேசாக அசைத்து, அவள் காட்டிய பக்கம் போனார்.

அவள் பதிலுக்குத் தலையசைத்தாள்.

இரண்டாவது வண்டி டாக்டருடையது. "டாக்டர்!" என்று இவர் கத்தினார். டாக்டரின் கண்கள் திறந்திருந்தன. மரமில் வாசலில் நீட்டிய வலது கை அப்படியே நீட்டியபடி இருந்தது. ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு போனார். தலையசைத்தார். போனார்.

மூன்றாவது. யாரென்று தெரியவில்லை. தோல் தொப்பியும் பெரிய கண்ணாடியும் போட்ட ஒருவர். நான்காவது, பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் புடவைத் தலைப்பு சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருக்க, இருவரும் நிமிர்ந்து நேராகப் பார்த்தபடி. ஐந்தாவது வண்டிக்கு முன்சக்கரம் இல்லை. அது விழாமல் போனது.

ஒவ்வொருவராகத் தலையசைத்தார்கள். யாருக்கும் அவசரமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்று வாங்கப் போகிறவர்கள்.

"அப்பா."

குரல் மாறியிருந்தது. சின்ன வயதில், இருட்டில் கட்டிலிலிருந்து கூப்பிடுகிற குரல்.

"அப்பா, கை இறங்கலப்பா."

அவர் அவள் கையைப் பிடித்தார். மணிக்கட்டைப் பிடித்து அமுக்கினார். இரும்புக் குழாயை அமுக்குவது போலிருந்தது. அதே சில்லிப்பு. தொங்கினார். தன் மொத்த எடையையும் போட்டு அந்த மெல்லிய கையில் தொங்கினார். காலுக்கடியில் ஜல்லி சரிந்தது. கை ஒரு விரற்கடை இறங்கவில்லை. அவள் கால்களைக் கட்டிக்கொண்டு தூக்கிப் பார்த்தார். தரையில் நட்ட கல்லைத் தூக்கிப் பார்ப்பது போல.

"இதுல கடைசி யாருப்பா?" என்று அழுதாள். "எனக்குத் தெரியலையே. கடைசி யாரு?"

"எண்ணாதே. அவங்களைப் பார்க்காதே. என்னைப் பாரு. பாப்பா, என்னைப் பாரும்மா."

அவள் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. கடந்து போகிற ஒவ்வொரு முகத்துக்கும் அவள் தலை தானாகத் திரும்பியது, தானாக அசைந்தது. அழுகை நின்றிருந்தது. உதடுகள் மட்டும் அசைந்தன.

"முப்பத்தொண்ணு."

ஒரு தலையசைப்பு.

"முப்பத்திரெண்டு."

அவர் அந்தக் கையில் தொங்கிக்கொண்டே சாலையின் கீழ்ப்பக்கம் பார்த்தார். பனி கொஞ்சம் விலகியிருந்தது. மேட்டின் அடிவரைக்கும், மரமில் வாசலையும் தாண்டி, வயல்களையும் தாண்டி, வானம் தொடங்குகிற இடம் வரைக்கும், மஞ்சள் விளக்குகள், ஒன்றன்பின் ஒன்றாக, மங்கிக் கூடி, மங்கிக் கூடி, நிதானமாக ஏறி வந்துகொண்டிருந்தன.